பனிவழியும் பாலைவழியும்

ருஷ்யப் புலவர் புஷ்கின் 1830-இல் எழுதி, 1831-இல் வெளியிட்ட 'பெல்கின் கதைகளுள்' ஒன்று 'அஞ்சல் நிலையத் தலைவர்'. குதிரை மாற்றும் வழிநிலையத்தைக் காத்துவந்த விரினின் மகள் துன்யா, பனிக்காலத்தே ஆங்குத் தங்கிய குதிரைப்படைத் தலைவன் மின்ஸ்கியுடன் சென்றுவிடுகிறாள். அவன் வண்டியில் ஏறித் தேவாலயம்வரை செல்லுமாறு மகளைத் தூண்டியவன் தந்தையே. பின்னர்ப் பீட்டர்ஸ்பர்க் நகருக்கு நடந்தே சென்று அவளைத் தேடுகிறான்.

இதனை அகத்திணையின் உடன்போக்கோடு ஒப்புநோக்கல் தகும். பாலைக்குப் பின்பனியும் உரித்தென்பர் தொல்காப்பியர். ஆண்டுத் தேடிச் செல்பவள் செவிலி. பாலைக்கலியில் எதிர்ப்படும் அந்தணர், சந்தனமும் முத்தும் யாழிசையும் பிறந்த இடத்துக்குப் பயன்படாமை காட்டி, மகள் சென்றதும் அறநெறியே எனத் தேற்றுகின்றனர்.

விரினுக்கு அவ்வாறு கூறுவார் எவருமிலர். அவன் வீட்டுச் சுவரில் உள்ளவை, கெட்டழிந்து தந்தையிடம் மீண்ட மைந்தன் கதைப் படங்கள். அக்கதையையே மகள் வாழ்வுக்கும் ஏற்றுகிறான். தலைநகரில் அவள் செல்வமாய் வாழ்தலைக் கண்ணாரக் கண்டும், கைவிடப்படுவாள் என்றே அஞ்சுகிறான். அவளிடமிருந்து செய்தி ஒன்றும் வந்திலது. இறுதியில் குடித்து மாய்கிறான். துன்யாவோ மூன்று குழந்தைகளுடன் சீமாட்டியாய் வந்து, தந்தையின் கல்லறைமேல் நெடிது வீழ்ந்து கிடக்கிறாள்.

மின்ஸ்கியின் வஞ்சம் ஒன்றே இத்துயர்க்கு ஏதுவெனல் பொருந்தாது. மகள் வாழ்வைத் தானறிந்த கதையொன்றுள் அடக்கிக் காணும் தந்தையின் நோக்கும் அவள் வாய்வாளாமையும் உடன் ஏதுவாயின. செவிலிக்கு வழியில் கிடைத்த சொல் விரினுக்குக் கிடைத்திலது. அதுவே இருவர்தம் வேறுபாடு.