இப்னு மாஜித்: போதையில் கடல்வழி காட்டியவர் என்னும் கட்டுக்கதை

அகமது இப்னு மாஜித் 15ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த அரபு மாலுமியும் கடல்வழி நூலாசிரியரும் ஆவார். இன்றைய ஐக்கிய அரபு அமீரகத்தின் ராசல் கைமாப் பகுதியிலிருந்த ஜுல்பார் இவரது ஊர். பருவக்காற்றுகள், துறைமுகங்கள், விண்மீன்களின் உயரத்தை அளந்து இடமறியும் முறை ஆகியவற்றை விளக்கி 1490 வாக்கில் பெரிய உரைநடை நூல் ஒன்றை எழுதினார். செய்யுளிலும் பல நூல்கள் இயற்றினார். ஆனால் இவர் பெயர் பரவலாக அறியப்படுவது இந்நூல்களால் அன்று. 1498இல் வாஸ்கோ ட காமாவைக் கோழிக்கோட்டுக்கு அழைத்துவந்தவர் என்ற கதையால்தான்.

அக்கதையை எழுதியவர் மக்காவில் வாழ்ந்த வரலாற்றாசிரியர் குத்புத்தீன் அந்நஹ்ரவாலி. போர்ச்சுக்கீசியத் தலைவன் மாலுமிக்கு மது கொடுத்ததாகவும், போதையில் அவர் வழியைச் சொல்லிவிட்டதாகவும் அவர் எழுதினார். நிகழ்ச்சி நடந்து எழுபது ஆண்டுகளுக்கும் மேலான பின் எழுதப்பட்ட செய்தி இது.

போர்ச்சுக்கீசியர் குறிப்புகள் வேறு விதமாக உள்ளன. மலிந்தி அரசரே மாலுமியை அனுப்பிவைத்தார். ஏப்ரல் 24இல் புறப்பட்ட கப்பல்கள் மே 20இல் கோழிக்கோட்டருகே வந்தன. கப்பலில் வந்த ஒருவரின் நாட்குறிப்பு அம்மாலுமியைக் கிறித்தவர் என்கிறது. (இந்துக்களையும் கிறித்தவர் என்றே அப்போது அவர்கள் எண்ணினர்.) பிற்காலத்தவரான காஸ்டன்யேடாவும் பாரோசும் அவரைக் குஜராத்தி என்கின்றனர். மதுவைப் பற்றிய பேச்சே இல்லை. பாரோஸ் தரும் 'மாலெமோ கானா' என்ற பெயரும் இயற்பெயராகத் தோன்றவில்லை. 'மாலெமோ' என்பது ஆசிரியர், கப்பல் வழிகாட்டி எனப் பொருள்படும் 'முஅல்லிம்' என்ற அரபுச் சொல். தமிழில் வழங்கும் 'மாலுமி'யும் அதன் வழி வந்ததே. 'கானா' என்பது கணிதரைக் குறிக்கும் 'கணக' என்பதன் திரிபு எனக் கருதப்படுகிறது.

அறுபது வயதைக் கடந்த, பெயர்பெற்ற நூலாசிரியர் ஒருவர் தம் கப்பலில் இருந்திருந்தால் போர்ச்சுக்கீசியர் அதைக் குறிப்பிடாமல் விட்டிருப்பார்களா? மேலும், மலிந்தியிலிருந்து மலபாருக்குச் செல்லும் வழி, மது ஊற்றிக் கறக்க வேண்டிய இரகசியமும் அன்று; வணிகர் பல நூற்றாண்டுகளாகச் சென்றுவந்த பாதை அது.

1920களில் பிரெஞ்சு அறிஞர் காப்ரியேல் பெரான் இரு செய்திகளையும் இணைத்து, அந்த மாலுமி இப்னு மாஜிதே என எழுதியபின் கதை உலகெங்கும் பரவியது. பின்வந்த ஆய்வாளர் பலர் இதனை ஏற்கவில்லை. எனினும் ஐரோப்பியருக்கு வாசல் திறந்த துரோகி என ஒரு சாராரும், ஐரோப்பியருக்கே வழிகாட்டிய மேதை என மற்றொரு சாராரும் இன்றும் எழுதுகின்றனர். புகழ்வோருக்கும் இகழ்வோருக்கும் ஆதாரம் அதே பொய்தான். உண்மையில் கப்பலைச் செலுத்திவந்த குஜராத்தியோ இயற்பெயர்கூட அறியப்படாதவராகவே இருக்கிறார்.