ஒரு சாடி, ஒரு குன்று, ஓர் ஏரி!

லுணுகங்க போயிருக்கிறீர்களா? போகவில்லை என்றால் கேளுங்கள், போயிருந்தாலும் இன்னொரு தடவை கேளுங்கள்! வீட்டில் இருக்கிறவர்களுக்கெல்லாம் காது புளிக்கப் புளிக்கச் சொல்லியாகிவிட்டது, இப்போது உங்கள் முறை. தோட்டம் என்றால் இவ்வளவு நாளாக என்ன நினைத்துக்கொண்டிருந்தேனோ அத்தனையையும் ஒரே சாயங்காலத்தில் புரட்டிப் போட்ட இடம் அது.

இலங்கையின் தென்மேற்குக் கரையில் பெந்தோட்டை, அங்கிருந்து கொஞ்சம் உள்ளே போனால் தெத்துவ ஏரி. அதன் கரையில் இருந்த ஒரு பழைய ரப்பர் தோட்டத்தை 1948-இல் ஜெஃப்ரி பாவா என்கிற வக்கீல் வாங்குகிறார். ஆமாம், வக்கீல்தான்! இத்தாலியில் கார்டா ஏரிக்கரையில் ஒரு மாளிகை வாங்கி அங்கேயே தங்கிவிடலாம் என்று ஆசைப்பட்டவர், அது கைகூடாமல் ஊர் திரும்பி, சொந்த மண்ணிலேயே ஓர் ஏரிக்கரையைப் பிடித்துக்கொண்டார். அதைத் திருத்த ஆரம்பித்த பிறகுதான், முறையாகப் படிக்காமல் இது நடக்காது என்று லண்டன் போய்ப் படித்து, 1957-இல், 38-ஆவது வயதில் கட்டடக் கலைஞர் ஆனார். பின்னாளில் இலங்கை நாடாளுமன்றக் கட்டடத்தை வடிவமைத்தவர் அவரேதான். ஒரு தோட்டம் தனக்கு வேண்டிய ஆளைத் தானே உருவாக்கிக்கொண்டதை நினைத்தால் எனக்கு இப்போதும் சிலிர்க்கிறது.

சரி, கதை போதும், என்னோடு வாருங்கள். வீட்டின் தெற்குத் தாழ்வாரத்தில் நிற்கிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். எதிரே புல்வெளி. அது மெல்ல இறங்கி, மறுபடி ஏறி, கறுவாக் குன்று என்று அவர்கள் சொல்லும் மேட்டில் போய் முடிகிறது. மேட்டின் உச்சியில் ஒரு மகிழமரம். அதன் நிழலில் ஒரே ஒரு பெரிய சீனச் சாடி, மிங் காலத்துச் சாடி, சும்மா உட்கார்ந்திருக்கிறது. கண் நேராக ஓடிப்போய் அந்தச் சாடியில் நிற்கும். நின்றதும், அதற்குப் பின்னால் ஏரித் தண்ணீர் பளிச்சென்று ஒரு கீற்றாகத் தெரியும். அதையும் தாண்டி, எங்கோ தூரத்தில், தென்னந்தலைகளுக்கு மேல் கட்டகுளிய விகாரையின் வெள்ளைத் தாதுகோபம்! மூன்றும் ஒரே கோட்டில்! நான் "ஐயோ" என்று வாய்விட்டே கத்திவிட்டேன், பக்கத்தில் நின்ற வெளிநாட்டுக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள், பார்க்கட்டுமே!

அந்தச் சாடியை மனசுக்குள் எடுத்துவிட்டுப் பாருங்கள், நானும் அங்கேயே நின்று கையால் மறைத்து மறைத்துப் பார்த்தேன். சாடி இல்லாவிட்டால் புல்வெளி வெறும் புல்வெளி, தாதுகோபம் எங்கோ கிடக்கும் ஒரு வெள்ளைப் புள்ளி, இரண்டுக்கும் சம்பந்தமே கிடையாது. சாடி வந்ததும் கண்ணுக்கு நடுவழியில் ஒரு சுமைதாங்கி கிடைத்த மாதிரி, அங்கே நின்று மூச்சு வாங்கிக்கொண்டு அப்புறம் தூரத்துக்குத் தாவுகிறது. அருகு, நடு, தொலைவு என்று காட்சியை அடுக்க வேண்டும், நடுவில் பார்வைக்கு ஒரு மையம் வேண்டும் என்று எல்லாத் தோட்டக்கலைப் புத்தகத்திலும் போட்டிருப்பார்கள், நானும் படித்துவிட்டுத் தலையாட்டியிருக்கிறேன். ஆனால் அது உடம்புக்குள் இறங்கியது அந்தத் தாழ்வாரத்தில்தான்.

இன்னும் கேளுங்கள், இதுதான் உச்சம்! அந்தக் காட்சி அங்கே இயற்கையாக இருந்ததே இல்லை. குன்று உயரமாக இருந்து ஏரியை மறைத்துக்கொண்டிருந்தது, பாவா என்ன செய்தார் தெரியுமா, குன்றின் தலையையே சீவி இறக்கினார், மரங்களைக் கழித்தார், தண்ணீர் தெரிகிற வரைக்கும் விடவில்லை. தாதுகோபமோ அவருடையதே இல்லை, ஏரிக்கு அக்கரையில் இருக்கிற ஊர்க் கோயில், அதற்கு ஒரு காசு செலவில்லை, மண்ணைக் கொஞ்சம் இறக்கியதோடு அது அவர் தோட்டத்துக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது! இரவல் காட்சி என்பது சீனாவிலும் ஜப்பானிலும் பழைய வித்தை, ஜி செங் 1631-இல் எழுதி முடித்த 'யுவான்யே' என்கிற தோட்டக்கலை நூலிலேயே அதற்குப் பெரிய இடம் உண்டு. இதற்கு மேலே ஒன்று இருக்கிறது, அதைச் சொல்லாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது: வீட்டுக்கும் குன்றுக்கும் நடுவே ஊர்ப் பாதை ஒன்று போகிறது! நான் தாழ்வாரத்தில் நின்று அந்தப் புல்லை அவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன், பாதை இருப்பதே தெரியாது, அப்புறம் குன்றை நோக்கி நடக்கும்போது காலுக்குக் கீழே திடீரென்று ஒரு பள்ளம், அதற்குள்ளே பாதை, அதன் மேலே ஒரு பாலம்! பாதையைப் பள்ளத்தில் இறக்கிவிட்டு, பார்வைக்கு மட்டும் புல் இரண்டு பக்கமும் ஒட்டிக்கொள்கிற மாதிரி செய்திருக்கிறார்! பதினெட்டாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் பிரபுக்களின் தோட்டங்களில் 'ஹா-ஹா' என்று ஒரு பள்ள மதில் வைப்பார்கள், ஆடுமாடு உள்ளே வராது, ஆனால் வீட்டிலிருந்து பார்த்தால் வேலியே இல்லாமல் பசுமை அடிவானம் வரைக்கும் போகும். அந்த உத்தியைக் கொண்டுவந்து தென்னிலங்கை மண்ணில் ஊர்ப் பாதைக்குப் போட்டிருக்கிறார் இந்த மனுஷர்! நான் பாலத்துக்கும் தாழ்வாரத்துக்குமாகத் திரும்பத் திரும்ப ஓடினேன். இங்கே வந்தால் பாதை தெரிகிறது, அங்கே போனால் மறைகிறது, மறுபடி தெரிகிறது, மறுபடி மறைகிறது. சின்னப் பையன் மாதிரி ஓடினேன், கொஞ்சங்கூட வெட்கப்படவில்லை.

வடக்குப் பக்கம் போனால் வேறு உலகம். அங்கே ஏரி நேராகக் கீழே விரிகிறது, மேல்தளத்தில் ஈழத்தலரி மரங்கள். அந்தக் கிளைகளைப் பார்க்க வேண்டுமே! உயரமாகப் போகாமல், அகலமாக, தாழ்வாக, முட்டி மடக்கி நீட்டிய கை போல வளைந்து வளைந்து கிடக்கின்றன. இளங்கிளைகளில் பாரம் கட்டித் தொங்கவிட்டு வருஷக்கணக்கில் அப்படிப் பழக்கியிருக்கிறார்கள். ஏன் தெரியுமா? மரம் நெட்டையாக வளர்ந்திருந்தால் ஏரி வெறும் பின்னணி. தாழ்ந்து படர்ந்ததால் கிளைகளின் இடுக்கெல்லாம் சட்டமாகி, ஒவ்வொரு சட்டத்திலும் துண்டு துண்டாகத் தண்ணீர். நான் ஒரு கிளையின் கணுவில் கை வைத்துப் பார்த்தேன், வெயிலில் சூடேறி, சாம்பல் நிறத்தில், யானைத் தோல் சுருக்கம் போட்டிருந்தது.

பூப்பாத்தி? கிடையாது. ரோஜா வரிசை, வண்ண வண்ணக் குரோட்டன்ஸ், கல்லில் செதுக்கிய குள்ளன் பொம்மை, ஒன்றும் கிடையாது. பச்சை, பச்சைக்குப் பக்கத்தில் வேறொரு பச்சை, பாசி பிடித்த கல், நிழல், அவ்வளவுதான். இருட்டான படிக்கட்டில் இலைகள் தோளில் உரச இறங்குகிறீர்கள், ஈர மண் வாசம் மூக்கில் ஏறுகிறது, திடீரென்று வெளிச்சம் முகத்தில் அடிக்கிறது, பார்த்தால் வயலும் குளங்களும்! அந்த நெருக்கடி இல்லாமல் இந்த வெளிச்சம் இவ்வளவு பெரிதாக இருந்திருக்காது. கொசு உண்டு, புழுக்கம் உண்டு, அதையெல்லாம் யார் கவனித்தார்கள்?

ஆங்காங்கே உட்கார இடம் போட்டு, இடத்துக்கு ஒரு மணி தொங்கவிட்டிருக்கிறார்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு நாதம். பாவா அடிக்கிற மணியின் ஓசையை வைத்தே அவர் எங்கே இருக்கிறார் என்று தெரிந்து, வேலைக்காரர்கள் அங்கே பானம் கொண்டுபோவார்களாம். உட்காரும் இடத்தை முடிவு செய்த பிறகுதான் அங்கிருந்து எது தெரிய வேண்டும் என்று முடிவு செய்ய முடியும், நாமோ செடியை முதலில் வாங்கிவிட்டு இடத்தை அப்புறம் தேடுகிறோம். ஐம்பது வருஷம் அவர் அந்தத் தோட்டத்தில் வெட்டிக்கொண்டும் நகர்த்திக்கொண்டுமே இருந்தார். 2003-இல் இறந்தபோது அந்தக் கறுவாக் குன்றில்தான் தகனம்.

ஊருக்கு வந்த கையோடு மொட்டைமாடிக்கு ஓடினேன். கைப்பிடிச் சுவர் ஓரமாக வரிசை கட்டி நின்ற தொட்டிகளையெல்லாம் இரண்டு பக்கமும் ஒதுக்கி, நடுவில் ஒரு வழி விட்டு, ஒரே ஒரு பழைய மண்பானையை மட்டும் அங்கே வைத்தேன். நாற்காலியில் போய் உட்கார்ந்தால், அடடா, பானைக்குப் பின்னால் அடுத்த தெருக் கோயிலின் அரசமரம் முழுசாக என் மாடிக்குள்! இத்தனை காலம் அந்த மரத்தை நந்தியாவட்டைத் தொட்டி வைத்து மறைத்திருந்திருக்கிறேன்! எதிர்வீட்டு மாமியைக் கூப்பிட்டு உட்காரவைத்துக் காட்டினேன், அவருக்கும் பிடித்துவிட்டது, இப்போது அவர் வீட்டுத் தொட்டிகளும் இடம் மாறுகின்றன.

நீங்கள் லுணுகங்க போவதாக இருந்தால் சாயங்கால நேரமாகப் பார்த்துப் போங்கள், வழிகாட்டியோடு சுற்றிக் காட்டுகிறார்கள், பழைய அறைகளில் தங்கவும் வசதி உண்டு. ஜெஃப்ரியின் அண்ணன் பெவிஸ் பாவா உருவாக்கிய 'பிரீஃப்' தோட்டமும் அதே பகுதியில்தான் இருக்கிறது, அதையும் விட்டுவிடாதீர்கள். எனக்கு இன்னும் ஆசை அடங்கவில்லை. கீழே அந்த வயலில் நெல் முற்றி மஞ்சளாகி நிற்கும்போது போய்ப் பார்க்க வேண்டும், அத்தனை பச்சைக்கும் நடுவே அந்த ஒரே மஞ்சள் எப்படி இருக்கும் என்று யோசித்து யோசித்து மண்டை காய்கிறது. யார் வருகிறீர்கள், சொல்லுங்கள், சேர்ந்தே டிக்கெட் போட்டுவிடலாம்!