விலையில்லா மடிக்கணினி: ஒரு மதிப்பீடு

தமிழ்நாடு அரசு 2011 செப்டம்பர் 15ஆம் நாள் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தை வாசகர்கள் நன்கு அறிவீர்கள். எல்காட் நிறுவனம் கொள்முதல் செய்த அக்கணினிகளுள் பல, இன்று ஸ்ரீவைகுண்டத்து வீடுகளில் பீரோவின் மேல் தூசி படிந்து கிடக்கின்றன. "ரொம்ப மெதுவாக இருக்கிறது, எடைக்குப் போட்டுவிடலாமா?" என்று மாணவர்கள் கேட்கிறார்கள். விடை கூறுமுன் கருவியைச் சற்று ஆராய்வோம்.

தொடக்க ஆண்டுகளில் வழங்கப்பட்ட கணினியில் 14 அங்குலத் திரை, 2 ஜிகாபைட் நினைவகம், 320 ஜிகாபைட் வன்வட்டு ஆகியவை இருந்தன. விண்டோஸ் 7 ஸ்டார்ட்டர், பாஸ் லினக்ஸ் என இரு இயக்கத் தொகுதிகளும் இருந்தன.

மெதுவாக இருப்பதேன்? குற்றம் பெரும்பாலும் செயலியினுடையதன்று, வன்வட்டினுடையது. மடிக்கணினி வட்டு பொதுவாக நிமிடத்திற்கு 5,400 முறை சுழலும். ஒரு சுற்றுக்கு 11 மில்லி விநாடி ஆகும். வேண்டிய தகவல் முனையின் கீழ் வந்து சேரச் சராசரியாக அரைச்சுற்று காத்திருக்க வேண்டும். முனை நகரும் நேரம் வேறு. அசையும் உறுப்பே இல்லாத திடநிலை வட்டிலோ இந்தக் காத்திருப்பு ஒரு மில்லி விநாடிக்கும் மிகக் குறைவு. நம் ஊர் அணையில் நீர் நிறைந்திருந்தும் மதகு குறுகலாயிருந்தால் வடகாலில் நீர் சிறிதே பாயும் அல்லவா? அதே கதைதான் இது.

பெரிய குறை மற்றொன்று. விண்டோஸ் 7 ஸ்டார்ட்டர் 2 ஜிகாபைட்டுக்கு மேல் நினைவகத்தை ஏற்காது. ஆகவே நினைவகத்தைக் கூட்டினாலும் பயனில்லை. மாணவன் வளர வளர உடன் வளர முடியாத சட்டை அது! விண்டோஸ் 7க்கான பாதுகாப்புத் திருத்தங்களும் 2020 ஜனவரி 14உடன் நின்றுவிட்டன. விண்டோஸ் 11க்கோ குறைந்தது 4 ஜிகாபைட் நினைவகமும் வேறு சில பாதுகாப்பு அமைப்புகளும் வேண்டும்.

எனவே வழி லினக்ஸே. முதலில் உங்கள் கோப்புகளைப் பென்டிரைவில் நகலெடுத்துக்கொள்ளுங்கள். பின்னர், திடநிலை வட்டைப் பொருத்தி, இயன்றால் நினைவகத்தையும் கூட்டி, சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸின் புதிய பதிப்பையோ, எளிய வேறொரு லினக்ஸையோ நிறுவலாம். தமிழ்99 விசைப்பலகையும் அதில் கிடைக்கும். மின்கலம் உப்பியிருந்தால் மட்டும் அதைத் தொட்டுப் பார்க்காமல், பழுது நீக்குபவரிடம் உடனே கொடுத்துவிடுங்கள்.

இத்தனை பாடுபட்டு என்ன பயன்? ஆடாசிட்டி என்னும் இலவச மென்பொருளில் ஒலியைப் பதிவு செய்துகொண்டே ஒரு பந்தைத் தரையில் விழவிடுங்கள். விநாடிக்கு 44,100 முறை ஒலியை அளக்கும் கருவி உங்கள் கையில் இருக்கிறது! அடுத்தடுத்த துள்ளல்களுக்கு இடைப்பட்ட நேரங்களின் விகிதமே அப்பந்தின் மீள்தன்மைக் கெழு. எந்த நிறுத்துக் கடிகாரமும் இவ்வளவு நுட்பமாகக் காட்டாது.

பெரிய படத்தொகுப்பு வேலைக்கு இக்கணினி உதவாது. படிக்க, எழுத, நிரல் கற்க, சோதனை செய்ய நிச்சயம் உதவும். பீரோ மேலிருப்பதைக் கீழே இறக்குங்கள். எடைக்கு மட்டும் போட்டுவிடாதீர்கள்.