கடைசி பீப்

பிபிசி செய்தி அலைவரிசையில் மணிக்கு மணி செய்தி தொடங்கும் முன் திரையில் நொடிகள் இறங்கிக்கொண்டே வரும். நான் செய்திக்காக உட்கார்ந்த நாள்களைவிட அந்தச் சில நொடிகளுக்காக உட்கார்ந்த நாள்கள் அதிகம்.

அப்போது ஒலிப்பது 1999இல் டேவிட் லோ அமைத்த இசை. அடியில் முரசு, மேலே மணி காட்டும் 'பீப்' ஒலி. அந்த ஒலி 1924 முதல் பிபிசி வானொலியில் நேரம் சொல்லிவருகிற கிரீன்விச் சமிக்ஞையின் வழித்தோன்றல். அங்கே ஆறு ஒலிகள். கடைசி ஒலி மட்டும் சற்று நீளும், அது தொடங்கும் கணமே மணி. தாத்தா காலத்து வானொலிப் பழக்கத்தை எடுத்துத் தாளத்துக்குள் பூட்டியதுதான் லோவின் கெட்டிக்காரத்தனம். எச்சரிக்கை மணிபோல அலறவே அலறாது. ஆனாலும் கை ரிமோட்டை விட்டுவிடும்.

சிவப்பும் தந்த வெண்மையுமான அலைவரிசையின் அன்றைய தோற்றம் வடிவமைப்பாளர் மார்ட்டின் லாம்பி-நெய்ர்னுடையது. பிரிட்டனின் சேனல் ஃபோர் தொலைக்காட்சிக்கு வண்ணக் கட்டைகளால் ஆன '4' சின்னத்தைத் தந்தவரும் அவரே. 

எனக்கு அதைவிடப் பிடித்தது, நொடிகள் இறங்கும்போது இடையில் வரும் படங்கள்: கேமராவைத் தோளில் சுமப்பவர், செயற்கைக்கோள் தட்டு, எங்கோ ஓர் ஊரில் மைக்கோடு நிற்கும் செய்தியாளர். செய்தி யாருடைய உழைப்பில் வருகிறது என்று செய்திக்கு முன்பே காட்டிவிடுகிறார்கள்.

நம் அலைவரிசைகளில் தீப்பிழம்பும் இடியுமாக 'பிரேக்கிங்' வரும்போதெல்லாம் அந்த பீப்புக்கு மனம் ஏங்குகிறது. அடுத்த முறை பிபிசி பார்க்கும்போது ஒலியைக் குறைத்துவிடாதீர்கள்.