முகாமுகம்: திரும்பி வந்த தலைவர்

அடூர் கோபாலகிருஷ்ணன் 1984இல் இயக்கிய ‘முகாமுகம்’ என்னும் மலையாளத் திரைப்படம் பொதுவுடைமை இயக்கத்தைப் பழிப்பதாகக் கேரள இடதுசாரிகள் பலர் அக்காலத்தில் சினந்தனர். நம்மவருள் சிலரோ அதே காரணம் பற்றி இதனைப் புகழக்கூடும். இரு சாராரும் படத்தைச் சரியாகப் பார்க்கவில்லை என்பதே என் கருத்து.

ஓட்டுத் தொழிற்சாலையொன்றில் தொழிற்சங்கம் வளர்த்த ஸ்ரீதரன், முதலாளி கொலையுண்டபின் தலைமறைவாகிறார். மாண்டார் என்றெண்ணி நினைவுச்சின்னம் எழுப்புகின்றனர். 1957இல் பொதுவுடைமையர் ஆட்சியேறி, 1964இல் கட்சி பிளவுண்ட பின்னர், அவர் திரும்பி வருகிறார். பிளந்தோரை இவர் ஒன்றாக்குவார் என்று ஊர் காத்திருக்கிறது. அவரோ உறங்குகிறார், குடிக்கிறார், வாய் திறப்பதேயில்லை. இறுதியில் அவர் கொலையுண்டு கிடக்க, பிரிந்திருந்த இரு சாராரும் அவருடைய படத்தை ஏந்தி ஒரே ஊர்வலமாய்ச் செல்கின்றனர்.

இங்கே நியாயத்தீர்ப்புக்குள்ளாகிறவர் ஸ்ரீதரன் அல்லர், அவருக்காகக் காத்திருந்தோரே. உயிரோடிருக்கும் தலைவர் அவர்களுக்கு இடையூறு, மரித்தவரோ வசதியானவர். பின்பாதி முழுவதும் அவர்களுடைய ஏக்கம் படைத்த கற்பனையே என்று கொள்ளவும் இடமுண்டு. மத்தேயு 23இல் தீர்க்கதரிசிகளின் கல்லறைகளைக் கட்டுவோர்மேல் ஆண்டவர் கூறிய கடுஞ்சொற்களை அறிந்த நாம், இவ்வூர்வலத்தைக் கண்டு நகைக்க முடியுமா? நம் சபைகளும் நிறுவனர் நாள்களை ஒருமித்துக் கொண்டாடிவிட்டு, மறுநாள் வழக்குமன்றத்தில் எதிரெதிரே நிற்கின்றனவே!

ஸ்ரீதரனைக் கிறிஸ்துவுக்கு உருவகமாக்கிப் பிரசங்கிக்க விழைவோர் சற்றே நிதானிக்க வேண்டும். உயிர்த்தெழுந்தவர் தம்மைக் கைவிட்டோரைப் பெயர் சொல்லி அழைத்துப் பணியில் அமர்த்தினார். இவரோ எவரையும் ஏறிட்டுப் பார்ப்பதுமில்லை. ‘முகாமுகம்’ என்றால் நேருக்கு நேர் என்பது பொருள். பவுல் கொரிந்தியருக்கு எழுதுகையில் வருங்காலத்துக்குரியதாக வைத்த அந்தச் சந்திப்பு இப்படத்தில் ஒருமுறையேனும் நிகழவில்லை. தலைப்பின் கசப்பு அதுவே.

குறையும் உண்டு. ஓடு செய்யும் கைகளைத் தொடக்கத்தில் அத்துணைப் பொறுமையுடன் காட்டிய இயக்குநர், அவ்வுழைப்பாளரைப் பின்னர் காத்திருக்கும் கூட்டமாகவே நிறுத்திவிடுகிறார். தலைவரின் வீழ்ச்சிக்குக் காரணம் சொல்லாமல் விட்டதைக் கலைநயம் என ஏற்கலாம். ஆனால் அவர் போராடியது எக்கூலிக்காகவோ அக்கூலி உயர்ந்ததா என்று கேளாமல் விட்டதை அவ்வாறு ஏற்க எனக்கு மனமில்லை. இலட்சியவாதி தோற்றதைக் கண்டு ஆறுதல் கொள்ளும் போதகர் முதலில் அந்தக் கேள்வியைக் கேட்கட்டும்.