அடைத்த கதவின் உள்ளே

சோழர் குடியின் பங்காளிப் பூசலைப் பற்றிக் கோவூர் கிழார் பாடியவற்றுள் மேடைகளில் மிகுதியும் எடுத்தாளப்படுவது புறநானூற்றின் 45ஆம் பாடல். உறையூரை முற்றுகையிட்ட நலங்கிள்ளிக்கும் உள்ளே அடைபட்ட நெடுங்கிள்ளிக்கும் ஆத்திமாலை ஒன்றே. எவர் தோற்பினும் தோற்பது உங்கள் குடியே என்கிறார் புலவர். அறிவார்ந்த வாதம்தான். ஆயினும் அது குடிப்பெருமையை நோக்கியே பேசுகிறது. (எங்கள் குன்னத்தூர்ப் பக்கம் வரப்புத் தகராறில் சமரசம் பேசுவோரும் குடும்ப மானத்தைத்தான் முதலில் எடுப்பர்.)

என் உள்ளம் 44ஆம் பாடலையே நாடுகிறது. இங்கே முற்றுகைக்குள் இருப்பது ஆவூர்க் கோட்டை. குளத்து நீராட்டும் கவளமும் இழந்த யானைகள், பாலுக்கு அழும் பச்சிளங் குழந்தைகள், பூவற்ற கூந்தலை முடியும் மகளிர், தண்ணீர் இல்லாத வீடுகள் ஆகியவற்றை வரிசையாகக் காட்டிய பின்னரே புலவர் நெடுங்கிள்ளியிடம் திரும்புகிறார். அறவோன் எனில் நாட்டைக் கொடுத்துக் கதவைத் திற; வீரன் எனில் போரிடத் திற; இரண்டுமின்றி மதிலுக்குள் பதுங்குவது வெட்கக்கேடு என்கிறார்.

கி.மு. 467இல் அரங்கேறிய ஈஸ்கிலசின் 'தீப்சுக்கு எதிரான எழுவர்' என்னும் கிரேக்க நாடகத்திலும், அரியணைக்காக உடன்பிறந்தானே நகரை முற்றுகையிட, உள்ளே பெண்கள் அஞ்சி அரற்றுகின்றனர். அரசன் எட்டியோகிளீசு அவர்களை அதட்டி அடக்குகிறான். முடிவில் சகோதரர் இருவரும் ஒருவர் கையால் ஒருவர் மடிகின்றனர். அவனுக்கு இடையூறாகத் தோன்றிய அந்த அழுகையையே கோவூர் கிழார் தம் வழக்கின் முதற்சான்றாக வைக்கிறார்.

நெடுங்கிள்ளி செவிசாய்த்தானா? காரியாற்றில் இறந்துபட்டவன் என்னும் அடைமொழியோடுதான் ஏடுகள் அவனை நமக்குத் தருகின்றன.