ட்ரைப் தீட்டிய மேகங்கள்

1858-இன் தொடக்கத்தில் கேமராவையும் ரசாயனப் புட்டிகளையும் மாட்டுவண்டிகளில் ஏற்றிக்கொண்டு மதுரை, தஞ்சைப் பக்கம் வந்தவர் லினியஸ் ட்ரைப். கிழக்கிந்தியக் கம்பெனிப் படையின் கேப்டன். மதராஸ் மாகாண அரசின் புகைப்படக்காரர். யானைமலை, தெப்பக்குளம், பெரிய கோயில் என்று அவர் எடுத்த படங்களில் நான் முதலில் தேடுவது வானத்தை. காரணம், அங்கே மிதக்கும் மேகங்கள் பல அவர் கையால் தீட்டியவை.

அன்றைய ரசாயனத்துக்கு நீல ஒளி மிகையாக உறைக்கும். பச்சை சரியாக உறைக்காது. கல்லும் சுதையும் பதிவதற்குள் வானம் வெறும் வெள்ளையாக வெளிறிவிடும். மரங்கள் கரிய திட்டுகளாகிவிடும். ட்ரைப் நெகட்டிவின் மேல் நிறமி பூசினார். பூசிய இடத்தில் ஒளி தடைப்படும். பிரிண்டில் அந்த இடம் வெளுக்கும். வானத்தில் மேகம் திரளும், இலைகளில் வெயில் மினுங்கும். எல்லாவற்றையும் தலைகீழாக நினைத்துத் தீட்ட வேண்டிய வேலை இது. அதில் அவர் காட்டிய அடக்கம்தான் எனக்குப் பிடித்தது. மேகம் கோபுரத்தோடு போட்டி போடுவதில்லை. கல்லின் கனம் தெரியும் அளவுக்கு வானத்துக்கு உடல் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொள்கிறது. இன்று ஒரு தட்டலில் வானத்தையே மாற்றித் தரும் செயலிகளுக்கு இந்த நிதானம் வாய்ப்பது அரிது.

அவர் நெகட்டிவுக்குப் பெரிதும் நம்பியது மெழுகூட்டிய காகிதத்தை. கண்ணாடித் தகட்டில் ஈரக் கொலோடியன் முறை அப்போதே வந்திருந்தது. ஆனால் அந்த ஈரம் காய்வதற்குள் படம் எடுத்துக் கழுவியாக வேண்டும். மெழுகுக் காகிதத்தை முன்கூட்டியே தயாரித்து வைத்துக்கொள்ளலாம். வண்டிப் பயணத்துக்குத் தோது. அதற்கு விலையும் உண்டு. ஒளி பதியச் சில நிமிடங்கள் பிடிக்கும். நடமாடுகிறவர்கள் படத்தில் தங்க மாட்டார்கள். அதனால் அவருடைய மண்டபங்களில் பெரும்பாலும் ஆள் இல்லை. தூண்களும் நிழலும்தான். காகித நாரின் ஊடே வரும் ஒளி விளிம்புகளைச் சற்றே மழுக்குகிறது. கருங்கல் தொட்டுப் பார்க்கலாம் போலிருக்கிறது. இந்தக் கருவியால் திருவிழாக் கூட்டத்தைப் பிடிக்க முடியாது. அசையாத கல்லைப் பிடிக்க அதற்கு நிகரில்லை. எதை எடுப்பது என்பதில் பாதியை அந்தக் காகிதமே தீர்மானித்துவிட்டது.

தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் அடித்தளத்தைச் சுற்றியுள்ள கல்வெட்டுகளை அவர் துண்டு துண்டாகப் படமெடுத்தார். 21 பிரிண்ட்களை ஒட்டிச் சேர்த்த அந்தச் சுருள் ஏறத்தாழ 19 அடி நீளம். கோயிலை வலம் வரும்போது வரிகள் விரிவதுபோல அதுவும் நடந்து நடந்து பார்க்க வேண்டிய படம். கைபேசித் திரையில் முழுதாகக் கண்டால் அது ஒரு கீற்று; பெரிதாக்கினால் எழுத்து தெரிகிறது, நீளம் மறைந்துவிடுகிறது.

அன்று ஒவ்வொரு பிரிண்ட்டையும் நெகட்டிவோடு சேர்த்து வைத்து வெயிலில் காட்டியே எடுக்க முடியும். ஆல்பங்கள் சிலரிடம் மட்டுமே போய்ச் சேர்ந்தன. 1860-இல் ஆடம்பரச் செலவென்று அரசு அந்த வேலையையே நிறுத்தியது. இப்போது யார் வேண்டுமானாலும் அவற்றைத் திரையில் பார்க்கலாம். நீளமும் காகிதத்தின் சொரசொரப்பும் கைவிட்டுப் போனது உண்மை. ஆனால் ஆல்பத்தைப் புரட்டிய துரைமார்களுக்குக் கிடைக்காத ஒன்று நமக்குக் கிடைத்திருக்கிறது. அவர்கள் கண்டது முடிந்த பிரிண்ட்டை மட்டும். எஞ்சிய நெகட்டிவ்களும் கணினியில் ஏறியபின், தூரிகை எங்கே தொட்டது, எங்கே நின்றது என்பதையும் நாம் பார்க்கிறோம்.

ட்ரைப்பை ரசிக்க விரும்புகிறவர்கள் பிரிண்ட்டை மட்டும் பார்த்து நகர்ந்துவிட வேண்டாம். நெகட்டிவையும் பக்கத்தில் திறந்து வைத்துக்கொள்ளுங்கள். கேமரா கண்டது எவ்வளவு, கை சேர்த்தது எவ்வளவு என்று பிரித்துப் பார்க்கப் பழகிய கண், இன்று கைபேசி எடுக்கும் படத்தையும் அதே கேள்வியோடுதான் பார்க்கும்.